ஒரு பொறி ஓய்ந்தாலும் பணி ஓயாது

ஒரு பெரிய மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், நோயாளிகளின் பழைய குறிப்புகள் எல்லாம் அங்கே கோப்புகளாகக் கணிப்பொறியில் இருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்குக் கோப்பு சர்வர் என்று பெயர். நள்ளிரவில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போது அந்த சர்வரின் மின்வழங்கி புகைந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? படங்கள் அழிந்துவிடவில்லை, வட்டில் பத்திரமாகவே இருக்கின்றன. ஆனால் கைக்கு எட்டாத படம், அந்த மருத்துவரைப் பொறுத்தவரை, இல்லாத படந்தான்.

ஒன்றுக்குப் பதில் இரண்டு சர்வர்களை வைத்தால் போயிற்று என்பீர்கள். கணக்கும் அதற்கு ஆதரவாகவே பேசும். நூற்றுக்கு 99 பங்கு நேரம் வேலை செய்யும் பொறி ஒன்று, ஆண்டில் ஏறத்தாழ 88 மணி நேரம் படுத்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பொறிகள் இருந்து, ஒன்றன் கோளாறுக்கும் மற்றதன் கோளாறுக்கும் தொடர்பே இல்லை என்று கொண்டால், இரண்டும் சேர்ந்தாற்போலப் படுத்திருப்பது ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடங்களே. ‘தொடர்பே இல்லை என்று கொண்டால்’ என்னும் சொற்களைச் சற்றுக் கவனியுங்கள். இரண்டு பொறிகளையும் ஒரே மின்பலகையில் செருகிவிட்டு இந்தக் கணக்கைப் போடுபவர்கள் உண்டு!

எண்ணம் பழையதுதான். ஒரு பகுதி பழுதானாலும் நிற்காத கணிப்பொறியை அமெரிக்காவின் டேண்டம் நிறுவனம் 1976-இல் விற்கத் தொடங்கியது. பல கணிப்பொறிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொண்டு குழுவாக இயங்கும் வாக்ஸ் கொத்தை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983-இல் அறிவித்தது. இப்படிப்பட்ட குழுவுக்குத்தான் ‘கிளஸ்டர்’ அல்லது கொத்து என்று பெயர். நாம் இங்கே எடுத்துக்கொள்ளப்போவது இலவசமாகக் கிடைக்கும் சாம்பா என்னும் நிரல். ஆஸ்திரேலியாவில் கான்பெர்ராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991-இன் இறுதியில் தொடங்கிய வேலை அது. லினக்ஸ் கணிப்பொறியை விண்டோஸ் கணிப்பொறிகளுக்குக் கோப்பு சர்வராக ஆக்குவது அதன் பணி.

இரண்டு பொறிகளும் ஒரே கோப்புகளைக் காண வேண்டும் என்பது முதல் தேவை. பொதுவான வட்டுத் தொகுதி ஒன்றை இரண்டோடும் இணைக்கலாம். அல்லது ஒன்றில் எழுதுவதை உடனுக்குடன் மற்றதிலும் எழுதலாம். எவ்வாறாயினும், பல பொறிகள் ஒரே சமயத்தில் எழுதினாலும் குழம்பாத கொத்துக் கோப்பு முறை ஒன்று அடியில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது முகவரி. பயன்படுத்துவோர் தேடிச் செல்வது பொறியை அன்று, அதன் ஐ.பி. முகவரியை. ஆகவே முகவரியைப் பொறியோடு ஒட்டிவைக்காமல், இடம் மாறக்கூடியதாக வைக்கிறார்கள். பொறிகள் ஒன்றன் நாடியை ஒன்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்றன் துடிப்பு சில வினாடிகள் கேட்கவில்லையானால், மற்றொன்று அதன் முகவரியைத் தான் ஏற்றுக்கொண்டு, ‘இனி இந்த முகவரிக்கு உரியவன் நான்’ என்று வலைப்பின்னல் முழுவதும் அறிவித்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். பழைய சர்வர் இறந்த செய்தி பயன்படுத்துவோரின் கணிப்பொறிக்குத் தெரியாது. அது அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு நிமிடக்கணக்கில் காத்திருக்கும். அதனை எழுப்ப ஒரு குறும்பான உத்தி உண்டு. புதிய சர்வர், வேண்டுமென்றே தவறான வரிசை எண்ணிட்ட சிறு செய்தியை அனுப்புகிறது. ‘எண் தவறு, சரியான எண் இது’ என்று அந்தக் கணிப்பொறி பதில் விடுக்கிறது. ‘அப்படியோர் இணைப்பே என்னிடம் இல்லையே!’ என்று புதிய சர்வர் சொல்ல, அது உடனே பழைய இணைப்பை உதறிவிட்டுப் புதிதாக இணைந்துகொள்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது ஞாபகம். எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார், யார் பூட்டி வைத்திருக்கிறார் என்ற பேரேட்டை சர்வர் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவர் ஒரே கோப்பில் எழுதி, ஒருவருடைய வேலை காணாமற் போகும். இந்தப் பேரேட்டைக் கொத்திலுள்ள எல்லாப் பொறிகளும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவையும் எல்லாப் பொறிகளிலும் எழுதி முடித்த பிறகே நகர்வது என்றால் வேகம் படுத்துவிடும். 2007-ஐ ஒட்டி ட்ரிட்ஜெல்லும் உடனிருந்தோரும் உருவாக்கிய சி.டி.டி.பி. என்னும் நிரல் இதற்குக் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பதிவின் புதிய படி, அதைக் கடைசியாகக் கையாண்ட பொறியிடம் மட்டும் இருக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்தப் பொறி இறந்தால் அந்தப் படியும் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகட்டும்! அதோடு தொலைவது, அந்தப் பொறியின் வழியாகக் கோப்பைத் திறந்திருந்தவர்களைப் பற்றிய குறிப்பே. அவர்களுடைய இணைப்புதான் பொறியோடு சேர்ந்து அறுந்துவிட்டதே. எதை இழக்கலாம் என்று தெரிந்துகொண்டதால் வேகம் கிடைத்தது.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருவோம். துடிப்புக் கேட்கவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: அடுத்த பொறி இறந்திருக்கலாம், அல்லது இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். இரண்டாவது நேர்ந்தால் இரண்டு பொறிகளும் ‘மற்றவன் போய்விட்டான், நானே தலைவன்’ என்று எண்ணி, ஒரே வட்டில் தத்தம் போக்கில் எழுதத் தொடங்கும். இதனைப் பிளவு மூளை என்பார்கள். சர்வர் நின்றால் வேலை தாமதமாகும். பிளவு மூளை ஏற்பட்டாலோ கோப்புகளே சிதைந்துவிடும்.

இதைத் தடுக்கும் வழி வாக்கெடுப்பு. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் உள்ள பக்கமே இயங்கலாம். இரண்டே பொறிகள் இருந்தால் பெரும்பான்மை என்பதற்கே இடமில்லை. அதனால் மூன்றாவது பொறியோ, வாக்குரிமை பெற்ற தனி வட்டோ வேண்டும். சி.டி.டி.பி.யில் பொதுக் கோப்பு முறையில் உள்ள ஒரு பூட்டைக் கைப்பற்றிய பொறிதான் தலைமை ஏற்கலாம். ஒற்றை வழி இருப்புப்பாதையில் டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை எடுக்கக்கூடாது அல்லவா? அதுபோலத்தான். அப்போதும் ஐயம் தீராவிட்டால், சந்தேகத்துக்குரிய பொறியின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டுப் பிறகு அதன் பணியை ஏற்பார்கள். கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் கோப்புகளைக் காப்பாற்ற இதைவிட உறுதியான வழி இல்லை.

படிகளைத் தொலைவில் வைத்தால் வேறொரு தொல்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று, அமெரிக்கக் கிழக்குக் கரையில் பராமரிப்பு வேலையின்போது இணைப்பு 43 வினாடிகள் அறுந்தது. தரவுத்தளங்களின் தலைமை தானாகவே மேற்குக் கரைக்கு மாறியது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்கு வந்துசேராத சில வினாடிப் பதிவுகள் ஒருபுறம், மேற்கில் புதிதாகச் சேர்ந்த பதிவுகள் மறுபுறம். இரண்டையும் சீர்செய்து சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடங்கள் ஆயின.

இவ்வளவும் செய்தவர், தனியே காப்புப்படி எடுக்க வேண்டாம் என்று நினைத்தால் அது பெரும் பிழை. ஒருவர் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், கொத்து அந்த அழிப்பையும் அதே வேகத்தில் எல்லா இடத்திலும் நிறைவேற்றிவிடும்.

பழைய கணிப்பொறிகள் மூன்று கிடைத்தால் நீங்களே அமைத்துப் பாருங்கள். பொறிகளின் முகவரிப் பட்டியல், இடம் மாறும் முகவரிகளின் பட்டியல், தலைமைப் பூட்டின் இடம் ஆகியவற்றைச் சி.டி.டி.பி.க்குச் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு ஒரு பெரிய கோப்பைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டு, சர்வரை முறைப்படி நிறுத்தாமல் அதன் மின்கம்பியையே பிடுங்குங்கள். மற்றொரு தடவை வலைக்கம்பியை மட்டும் பிடுங்குங்கள். விளைவு வேறாக இருக்கும். பொறி மறுபடி உயிர்பெறும்போதும் கடிகாரத்தைப் பாருங்கள். முகவரி பழைய இடத்துக்குத் திரும்புகையில் இணைப்பு இன்னொரு முறை அறும். அதனால்தான் சில நிருவாகிகள் அந்தத் திரும்பலைத் தானாக நடக்கவிடாமல், வேலை குறைந்த இரவு நேரத்தில் தாங்களே செய்கிறார்கள்.