சங்கத்தின் முகவரிக்கு வரும் மடல் எங்கே செல்கிறது?

நம் தமிழ் அமைப்புகள் பலவும் இன்று தமக்கெனக் களப்பெயர் ஒன்றைப் பதிவுசெய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பொறுப்புகளின் பெயராலேயே மின்னஞ்சல் முகவரிகளை அமைத்துக்கொள்கின்றன. ஆட்சிக்குழு மாறினாலும் முகவரி மாறாதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆயினும், அம்முகவரிக்கு வரும் மடல் உரியவரைச் சென்றடைவது, அஞ்சல் வழங்கியில் எழுதப்படும் சில வரிகளைப் பொறுத்தது. அவ்வரிகளைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எங்கள் பட்டறிவிலிருந்து தொடங்குவோம். தமிழ்மொழி விழாவையொட்டி நாங்கள் நடத்திய பேச்சுப் போட்டிக்கு ஒரு பள்ளியின் பெயர்ப்பட்டியல் வந்துசேரவில்லை. உரிய நாளிலேயே அனுப்பிவிட்டதாக ஆசிரியை உறுதியாகக் கூறினார். பதிவேட்டைப் புரட்டியபோது உண்மை புலப்பட்டது. செயலாளர் முகவரிக்கு வந்த அம்மடலை எங்கள் வழங்கி ஏற்று, செயலாளரின் தனிப்பட்ட அஞ்சற்பெட்டிக்கு மேலனுப்பியிருந்தது. அங்கிருந்த வழங்கி அதனை ஏற்க மறுத்துவிட்டது. எங்களிடம் படி ஏதும் எஞ்சவில்லை. மறுப்பறிவிப்பு ஆசிரியையின் குப்பை மடல்களிடையே கிடந்தது. நடுவர்கள் இசைந்ததனால் மட்டுமே அம்மாணவர்கள் மேடையேற முடிந்தது.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, வழங்கியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தொடக்கக் காலத்தில் ஒரு கணினியில் கணக்கு வைத்திருந்தவருக்கே அக்கணினியில் அஞ்சற்பெட்டி இருந்தது. பின்னர், ஒரே வழங்கி பல களப்பெயர்களுக்குப் பணிபுரியும் நிலை தோன்றியது. கணினியில் கணக்கே இல்லாத முகவரிகளைப் பட்டியல்களின் துணைகொண்டு நடத்தும் இம்முறையையே மெய்நிகர்க் களப்பெயர் என்கிறோம். வீட்சே வெனேமா உருவாக்கி 1998ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருளை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

போஸ்ட்ஃபிக்ஸில் மெய்நிகர்க் களப்பெயரை இருவகையாக அமைக்கலாம். முதல் வகை, மாற்றுப்பெயர்க் களம். இதில் எந்த முகவரிக்கும் சொந்த அஞ்சற்பெட்டி இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு முகவரியைச் சுட்டுவது மட்டுமே. இரண்டாம் வகை, அஞ்சற்பெட்டிக் களம். இதில் மடல் வழங்கியிலேயே சேமிக்கப்படும். ஒரு களப்பெயரை இவ்விரு பட்டியல்களுள் ஒன்றில் மட்டுமே எழுதுதல் வேண்டும். நாங்கள் முதல் வகையைத் தேர்ந்திருந்தோம். செலவு குறைவென்று கருதிச் செய்த அத்தேர்வே, மடலின் படி எங்களிடம் இல்லாமற்போனதற்குக் காரணம்.

இரண்டாம் வகைக்கு மாறிய பின்னும் ஒரு நுட்பத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும். எவ்வகைக் களமாயினும், வழங்கி மாற்றுப்பெயர்ப் பட்டியலையே முதலில் பார்க்கும். அங்குச் செயலாளர் முகவரிக்கு நேரே வெளிமுகவரி ஒன்றை மட்டும் எழுதினால், மடல் வெளியே சென்றுவிடும். சங்கத்தின் பெட்டி வெறுமையாகவே இருக்கும். படியும் வேண்டுமெனில், வலப்புறத்தில் செயலாளர் முகவரியையே மீண்டும் எழுதி, அதனையடுத்து வெளிமுகவரியை எழுதுதல் வேண்டும். அந்த ஒரு சொல் சேர்ந்திருந்தால் பள்ளியின் பட்டியல் எங்களிடம் இருந்திருக்கும்.

களப்பெயருக்கு வரும் எல்லா மடல்களையும் ஒரே பெட்டியில் சேர்க்கும் பொதுவழியைச் சிலர் விரும்புவர். அது பெரும்பாலும் தீமையே பயக்கும். அவ்வழியை மாற்றுப்பெயர்ப் பட்டியலில் எழுதினால், தனி வரி பெறாத உண்மையான அஞ்சற்பெட்டிகளின் மடல்களையும் அது கவர்ந்துகொள்ளும். மேலும், இல்லாத முகவரிகளுக்கு வரும் குப்பை மடல்களையெல்லாம் ஏற்று வெளியே அனுப்பினால், பெறும் வழங்கிகள் நம் வழங்கியையே ஐயுறும். இல்லாத முகவரியை வாயிலிலேயே மறுத்துவிடுதல் நன்று. முகவரியைப் பிழையாக எழுதிய அன்பரும் தம் பிழையை உடனே அறிவார்.

இனி, அந்த வெளிவழங்கி எங்கள் மடலை மறுத்தது ஏன் என்பதைக் காண்போம். ஒவ்வொரு மடலுக்கும் கண்ணுக்குப் புலப்படாத உறை ஒன்று உண்டு. அவ்வுறையின்மீது அனுப்புநர் முகவரி எழுதப்பட்டிருக்கும். ஒரு களப்பெயரின் சார்பாக மடல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகள் எவை என்பதை அதன் உரிமையாளர் வெளியிட்டு வைக்கும் முறைக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். பள்ளியின் மடலை நாங்கள் மேலனுப்பியபோது உறைமீது பள்ளியின் முகவரியே இருந்தது. கொண்டுசென்றதோ எங்கள் வழங்கி. பள்ளியின் பட்டியலில் எங்கள் வழங்கி இல்லாமையால், பெற்ற வழங்கி அதனைப் போலி மடலெனக் கொண்டது.

இதற்குத் தீர்வு இரண்டு. உறைமீதுள்ள அனுப்புநர் முகவரியை மேலனுப்பும் களப்பெயருக்கு மாற்றியெழுதும் எஸ்.ஆர்.எஸ். என்னும் முறை முதலாவது. மடலோடு பயணம் செய்யும் டி.கே.ஐ.எம். என்னும் மின் முத்திரையைச் சிதைக்காமற் காப்பது இரண்டாவது. மடலின் தலைப்பில் சங்கத்தின் பெயரைச் சேர்த்தாலோ, அடியில் வாழ்த்து வரி ஒன்றை இணைத்தாலோ அம்முத்திரை முறிந்துவிடும். எனவே, மேலனுப்பும் மடலில் எதனையும் சேர்த்தல் கூடாது.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதற்கான பன்னாட்டு நெறிமுறை 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது; போஸ்ட்ஃபிக்ஸ் 2015ஆம் ஆண்டின் 3.0 பதிப்பு முதல் அதனை ஏற்கிறது. ஆயினும், வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் அதனை ஏற்றால்தான் மடல் சேரும். தமிழ் முகவரிக்கு வந்த மடலை ஆங்கில எழுத்து முகவரிக்கு மேலனுப்பினாலும், மடலின் தலைப்பகுதியில் தமிழ் முகவரி எஞ்சியிருக்கும். அந்நெறிமுறையை அறியாத வழங்கிக்கு அம்மடலை அனுப்ப இயலாது. ஆதலால், தமிழ் முகவரிக்குச் சொந்தப் பெட்டி இருத்தல் இன்றியமையாதது.

பட்டியலைத் திருத்தியபின் போஸ்ட்மேப் கட்டளையால் அதனைப் புதுப்பித்து, வெளியிலுள்ள கணக்கிலிருந்து மடல் அனுப்பிச் சோதித்தல் வேண்டும். சங்கத்தின் கணக்கிலிருந்தே அனுப்பிப் பார்ப்பது சோதனையாகாது. பதிவேட்டில் மடல் ஒத்திவைக்கப்பட்டதாகக் காணப்பட்டால், வழங்கி இயல்பாக 5 நாள்வரை மீண்டும் முயலும்; திருப்பப்பட்டதாகக் காணப்பட்டால் அன்றே காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

இப்பொழுது எங்கள் சங்கத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்தவுடன், கணக்கேடுகளோடு மாற்றுப்பெயர்ப் பட்டியலையும் புதிய செயலாளரிடம் ஒப்படைக்கிறோம். அவர் முன்னிலையில் சோதனை மடல் ஒன்று அனுப்பப்படுகிறது. அது சங்கத்தின் பெட்டியிலும் அவருடைய பெட்டியிலும் வந்துசேர்ந்ததைக் கண்ட பின்னரே பழைய செயலாளரின் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். பிற அமைப்புகளும் இவ்வழக்கத்தை மேற்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம்.