பாடி மாறும், ஓனர் மாறுவார், வண்டி ஓடும்

பௌர்ணமி இரவில் வேலூர் சாலையில் வேங்கிக்காலைத் தாண்டி திருவண்ணாமலை ஊருக்குள் வரும் பஸ்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கிரிவலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பல மாவட்டத்து வண்டிகள் வரும். போர்டு வேறு, நிறம் வேறு, டிப்போ வேறு. ஆனால் பெரும்பாலான வண்டிகளின் முகப்பில் இருப்பது அசோக் லேலண்ட் முத்திரைதான். லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஒரு சிற்றூர். 1896-ல் அங்கே நீராவி வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி, பின்னாளில் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1993-க்குப் பிறகு லேலண்ட் என்ற பெயரில் இங்கிலாந்தில் பஸ் கட்டுவதில்லை. பிறந்த ஊரில் நின்றுபோன பெயர் அண்ணாமலையார் ஊர்ச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எத்தனை கை மாறி இங்கே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் கைமாற்றங்களின் தடயத்தை நாம் எவ்வளவு அலட்சியமாகத் தொலைக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் பஸ் என்றால் தனியார் பஸ்தான். 1912-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கினார். 1920-ல் ஜி.டி.நாயுடு ஒற்றை வண்டியோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டுநராக உட்கார்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சென்னை மாகாணத்து பஸ்கள் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்பக்கம் ஓர் இரும்பு உருளை இருக்கும். விடியற்காலையில் கிளீனர் அதில் அடுப்புக்கரி கொட்டி, நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊதுவார். கனல் பிடித்து வாயு வரும்வரை வண்டி கிளம்பாது. முகமெல்லாம் கரி. ஏற்றம் வந்தால் இன்ஜின் திணறும். ஆட்கள் இறங்கி நடப்பார்கள். அதன் பிறகு வந்த டீசல் வண்டியை மக்கள் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்பதை இந்தக் கரியை நினைத்துப் பார்த்தால்தான் புரியும்.

அந்த டீசல் வண்டிகளில் முக்கியமானது லேலண்ட் காமெட். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். 1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம் ஆனது. காமெட்டை இறக்குமதி செய்து பூட்டுவது, பிறகு படிப்படியாக இங்கேயே செய்வது என்பது ஏற்பாடு. 1955-ல் லேலண்ட் பங்கு போட்டது. கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. கம்பெனி கொடுத்ததோ இன்ஜினோடு கூடிய சேசிஸ் மட்டும். மேலே ஏறிய உடம்பு நம் தச்சரும் கொல்லரும் கட்டியது. மரச்சட்டம், தகரம், ஜன்னலுக்குச் சுருட்டிவிடும் படுதா, கூரையில் வாழைத்தாரும் மூட்டையும் ஏற்றப் பின்பக்கம் ஓர் ஏணி. அடியில் லங்காஷயர், மேலே நம் பட்டறை. பிரிட்டிஷ் பஸ் என்று நாம் சொல்லும் வண்டி முதல் நாளிலேயே பாதி நம்முடையதாக இருந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் முழு பிரிட்டிஷ் வண்டியே வந்து இறங்கியது. 1958 ஜனவரி 1 அன்று அங்கே தனியார் பஸ்களையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு இலங்கை போக்குவரத்துச் சபையை அமைத்தது. வண்டி போதவில்லை. அதே காலத்தில் லண்டன் தன் ஆர்.டி. வகை இரட்டைத் தட்டு பஸ்களைக் கழித்துக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கப்பலேறின. லண்டனில் உழைத்து ஓய்ந்த சிவப்பு பஸ்கள் கொழும்பில் இரண்டாம் முறை வேலைக்குச் சேர்ந்தன. 1980களின் இறுதியில் லண்டனின் புகழ்பெற்ற ரூட்மாஸ்டர் வண்டிகள் சிலவும் அதே வழியில் இலங்கைக்குப் போயின.

லண்டனில் அந்த ஆர்.டி. வண்டிகளைப் பராமரித்த முறை நம் பட்டறைக்காரர்கள் கேட்டால் தலையாட்டக்கூடியது. ஆல்டன்ஹாம் என்ற இடத்தில் 1956 முதல் 1986 வரை ஒரு பெரிய பணிமனை இயங்கியது. பழுது பார்க்க வந்த பஸ்ஸின் பாடியைக் கிரேனால் தூக்கித் தனியே வைப்பார்கள். சேசிஸ் ஒரு வரிசையில் போகும், பாடி இன்னொரு வரிசையில் போகும். கடைசியில் எது தயாராக இருக்கிறதோ அதை எடுத்துப் பூட்டுவார்கள். உள்ளே போன எண்ணோடு வெளியே வந்த வண்டி, உள்ளே போன அதே வண்டியாக இருக்க வேண்டியதில்லை. இன்று அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கும் லண்டன் பஸ்ஸுக்குள்ளும் இப்படிப் பல வண்டிகள் கலந்திருக்கக்கூடும். ஆனால் எந்த பாடி எந்த சேசிஸில் எப்போது ஏறியது, எந்த டிப்போவில் ஓடியது, யாருக்கு விற்றார்கள் என்பதை அங்குள்ள ஆர்வலர்கள் எண் வாரியாகத் தேடிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மாற்றத்தை அவர்கள் குறையாக நினைக்கவில்லை. அதையே வண்டியின் சரித்திரமாக எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் பெரிய கைமாற்றம் 1972-ல் தொடங்கியது. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. மதுரைப் பக்கத்தில் டி.வி.எஸ். ஓட்டிய பஸ்கள் பாண்டியனுக்குப் போயின. நம் பக்கத்தில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. வேலூரில் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயரில் இன்னொன்று பின்னால் வந்தது. 1997-ல் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு பெரும்பாலானவற்றைத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். இன்று திருவண்ணாமலை மண்டலம் விழுப்புரம் கோட்டத்தில் இருக்கிறது. டிரைவரும் கண்டக்டரும் அவர்களேதான். பக்கவாட்டில் எழுதிய பெயர்தான் அழிந்து அழிந்து மாறியது.

விழுப்புரத்தில் கழகம் பிறந்த அதே 1975-ல், இங்கிலாந்தில் நொடித்துப்போயிருந்த பிரிட்டிஷ் லேலண்டை அந்நாட்டு அரசு தன் பொறுப்பில் எடுத்தது. வண்டி ஓட்டுவது இங்கே அரசு. வண்டிக்குப் பெயர் கொடுத்தது அங்கே அரசு. அந்தப் பொருத்தம் நீடிக்கவில்லை. 1987-ல் லேலண்டின் லாரிப் பிரிவு டச்சு நிறுவனமான டாஃப்புடன் இணைந்தது. பஸ் பிரிவை அதன் நிர்வாகிகளே வாங்கி, அடுத்த ஆண்டே ஸ்வீடனின் வால்வோவுக்கு விற்றார்கள். ஐந்து ஆண்டில் பெயர் மறைந்தது. அதே 1987-ல் அசோக் லேலண்டில் இருந்த பிரிட்டிஷ் பங்கை ஹிந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து வாங்கின. பின்னர் இவெகோவின் பங்கும் ஹிந்துஜாவிடமே வந்தது.

அதோடு கதை முடியவில்லை. லீட்ஸ் நகரில் லேலண்ட் மூடிவிட்டுப் போன ரோ பாடி தொழிற்சாலையில், 1985-ல் ஆப்டேர் என்ற புதிய பஸ் கம்பெனி தொடங்கியது. 2010-ல் அதில் 26 சதவீதப் பங்கை வாங்கியது எண்ணூரின் அசோக் லேலண்ட். பிறகு முழுப் பிடியும் அதன் கைக்கு வந்தது. பிள்ளையாக வளர்ந்த கம்பெனி தாய்வீட்டின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கியது. 2020-ல் ஆப்டேர், ஸ்விட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறி மின்சார பஸ்ஸுக்குத் திரும்பியது. 2025 ஜூன் இறுதியில் சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பிய 120 தாழ்தள மின்சார பஸ்கள் அந்த ஸ்விட்ச் கட்டியவை. அதே ஆண்டில் யார்க்‌ஷயரில் உள்ள ஷெர்பர்ன் தொழிற்சாலையில் பஸ் கட்டுவதை நிறுத்துவதற்கான நடவடிக்கை தொடங்கியது. கணக்கு இப்படி முடிந்ததில் எனக்குப் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. தொழில் தெரிந்த கைகள் அங்கே சும்மா இருக்கின்றன.

நம் டிப்போவில் அன்றாடம் புழங்கும் பெயர்களிலும் அந்தப் பூர்வீகம் இருக்கிறது. சீட்டா என்பது 1930களில் லேலண்ட் கட்டிய ஓர் இலகுரக பஸ். வைக்கிங், கிளாஸ்கோவின் ஆல்பியன் கம்பெனி ஏற்றுமதிக்குக் கட்டிய சேசிஸின் பெயர். ஆல்பியனை 1951-ல் லேலண்ட் வாங்கியது. பெயர் பழையதாக இருந்தாலும் பயணம் மாறியிருக்கிறது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் திங்கட்கிழமை மனுவோடு அரசு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள், 2021 முதல் டிக்கெட் காசு கொடுக்காமல் வருகிறார்கள். முன்பு பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று முந்தானை முடிச்சைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் இவர்களின் அம்மாக்கள். அன்றுக்கும் இன்றுக்கும் இடையே நடந்த மாற்றங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

வண்டியின் பிற்கால வாழ்க்கைக்கு வருவோம். தனியார் ரூட் பஸ் பழசானால் பெர்மிட் புது வண்டிக்குப் போகும். பழைய வண்டி மாற்று வண்டியாக நிற்கும், அல்லது பள்ளிக்கூடத்துக்கோ மில்லுக்கோ விற்றுவிடுவார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஓனர் பெயர் கூடிக்கொண்டே போகும். கழக வண்டி கண்டம் ஆனால் ஏலம். பிறகு காயலான் கடை. நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2023-ல் பழைய சேசிஸ்களுக்குப் புது பாடி கட்டி, மஞ்சள் அடித்து மறுபடி ரோட்டுக்கு விட்டார்கள். கேரள அரசு போக்குவரத்துக் கழகம் மூணாறில் பழைய பஸ்ஸைச் சுற்றுலாப் பயணிகள் படுத்துறங்கும் அறையாக மாற்றியது. பெங்களூரில் ஒரு பழைய பஸ் பெண்களுக்கான கழிப்பறையானது. ஓடி முடித்த வண்டிக்கும் செய்ய வேலை இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

இப்போது நேரம் குறைவு. அரசுக்குச் சொந்தமான வண்டி 15 வயதைத் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. புகைக்காகவும் பயணிகளின் பாதுகாப்புக்காகவும் வந்த விதி. அதில் நியாயம் இருக்கிறது. பழம்பெரும் வண்டிகளைக் காக்க 2021-ல் வந்த விதியோ 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. மூல வடிவத்தில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. பணக்கார வீட்டுக் கார் அதில் அடங்கிவிடும். ஊரையே சுமந்த பஸ் அடங்காது. சக்கரம் அதிகம்; பாடியோ மூன்று முறை மாறியிருக்கும். மாறியதால்தான் அது அத்தனை ஆண்டு உழைத்தது. மாறியதையே காரணம் காட்டி அதைத் தள்ளுவது சரியல்ல.

ரயில்வே தன் பழைய நீராவி இன்ஜின்களைக் காப்பாற்றி ஸ்டேஷன் வாசலிலும் அருங்காட்சியகத்திலும் நிறுத்தியிருக்கிறது. கோவையில் ஜி.டி.நாயுடுவின் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒவ்வொரு போக்குவரத்து மண்டலமும் ஏலத்துக்குப் போகும் வரிசையிலிருந்து ஒரு வண்டியை எடுத்து டிப்போ வாசலில் நிறுத்தட்டும். ரோட்டில் ஓட வேண்டாம். அதற்குப் புதுப் பதிவும் தேவையில்லை. பக்கத்தில் ஒரு பலகை போதும்: சேசிஸ் எந்த ஆண்டு வந்தது, பாடி எங்கே கட்டியது, எத்தனை முறை மாறியது, எந்தெந்த ரூட்டில் ஓடியது, கழகத்தின் பெயர் என்னவெல்லாம் ஆனது. ஓய்வுபெற்ற டிரைவர்களும் மெக்கானிக்குகளும் இருக்கும்போதே இதை அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். இருப்புப் பதிவேடுகள் எடைக்குப் போகும் முன் அவற்றையும் காப்பாற்ற வேண்டும். திருவண்ணாமலை மண்டலமே இதைத் தொடங்கலாம். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் இத்தனை லட்சம் பேரை ஏற்றி இறக்கிய வண்டிகளில் ஒன்றையாவது சரித்திரத்தோடு வைத்துக்கொள்ளும் கடமை இந்த ஊருக்கு இருக்கிறது.