அண்ணனின் தோலங்கி

மட்டக்களப்பில் மாரி தொடங்கிவிட்டால் வீட்டிலுள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். வாவியின் ஈரமும் கடலின் உப்பும் கலந்த காற்று, கார்த்திகை பிறந்ததும் புத்தக மட்டையிலும் பட்டுச் சேலையிலும் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கிவிடும். சென்ற மாரியில் அவ்வாறு றங்குப் பெட்டியொன்றைத் திறந்தபோது, என் அண்ணனின் தோலங்கி வெண்பூஞ்சணம் போர்த்துக் கிடக்கக் கண்டேன். அன்று எழுந்த கேள்விக்கு விடை காண எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த அங்கியின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். 1973ஆம் ஆண்டு இலண்டன் சென்ற அண்ணன், இரவு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருவதற்கென்று முதல் சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதனை வாங்கினார். கறுப்பு நிறம், கனத்த மாட்டுத்தோல், நெஞ்சின் குறுக்கே சாய்ந்தோடும் சிப், தோளிலும் முழங்கையிலும் இரட்டைத் தோல். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் தம் பெயரை மையினால் எழுதி வைத்திருந்தார். இடக்கையில் நீண்ட கீறலொன்று உண்டு. பனி உறைந்த தெருவில் சறுக்கி விழுந்த நாளில், தம் கைக்கு வரவேண்டியதை அந்தத் தோல் வாங்கிக்கொண்டது என்று சொல்லிச் சிரிப்பார். கடைசித் தடவை ஊருக்கு வந்தபோது அதனை என்னிடம் விட்டுச் சென்றார். பின்னர் அவர் வரவில்லை. அவர் மறைந்த செய்திதான் வந்தது.

என் மகள் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறாள். கல்லடியிலிருந்து ஆரையம்பதி சென்று, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலும் போகவேண்டும். 2014இல் அப்பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் படகுப்பாதைக்குக் காத்திருந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். மகளுக்குக் காத்திருப்பு இல்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆனால், தெருவில் மணல் படிந்த வளைவொன்றில் அது ஒருநாள் சறுக்கியது. வலது முழங்கையில் உரிந்த தோல் ஆற மூன்று கிழமை சென்றது.

பூஞ்சணம் படிந்த அங்கியை என் கையிலிருந்து வாங்கி அவள் தோளில் இட்டுப் பார்த்தாள். கைகள் விரல் மொழியை மூடின. இடுப்பில் இன்னொருவர் புகுமளவு இடம் இருந்தது.

“அப்பா, இதைப் பெட்டிக்குள் வைத்துப் பூஞ்சணத்துக்குக் கொடுப்பதைவிட, எனக்கு அளவாகத் தைப்பித்துத் தாருங்கள்” என்றாள்.

நான் உடனே மறுத்தேன். பகல் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வரமுடியாது என்றேன்.

“முக்கால் மணி நேரப் புழுக்கம்தானே? மூன்று கிழமை வலியைவிட அது பெரிதா?” என்று கேட்டாள்.

வெயில் என்பது நான் தேடிப்பிடித்த காரணம். உண்மைக் காரணம் வேறு. முழங்கை மடிப்பில் விழுந்திருந்த சுருக்கங்கள் அண்ணனின் கை மடங்கியதால் விழுந்தவை. அதன் தோளகலம் அவருடைய தோளகலம். அவருடைய படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால், அவர் உடம்பின் அளவைச் சுமந்து நிற்பது இந்த அங்கி ஒன்றுதான். அதில் கத்திரிக்கோலை வைப்பது எனக்குப் பாவமாகப்பட்டது.

இத்தகைய அங்கி அழகுக்காகப் பிறந்ததன்று. 1928ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஏர்விங் ஷொட் என்ற தையற்காரர், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்று முன்புறம் சிப் வைத்த தோலங்கியைச் செய்தார். தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரைத் தழுவி, அதற்குப் ‘பெர்பெக்டோ’ என்று பெயரிட்டார். பொத்தான்களின் இடைவெளியால் புகும் குளிர்காற்றைத் தடுப்பதே நோக்கம். 1953இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமொன்றில் மார்லன் பிராண்டோ அவ்வகை அங்கியை அணிந்து தோன்றிய பின்னரே அது இளைஞரின் கோலமாயிற்று. அதற்கு முன்னர் அது, சம்மட்டியையும் மண்வெட்டியையும் போல, ஒரு வேலைக்குரிய கருவி. கருவியைத் திருத்தலாமா என்று கேட்பதற்கு முன், அதன் வேலையை அறிந்தவரிடம் கேட்பதே முறை.

ஆகவே ஒரு சனிக்கிழமை, அங்கியை நிழலில் உலர்த்தித் துடைத்து எடுத்துக்கொண்டு, கல்லடிப் பாலம் கடந்து நகருக்குப் போனேன். அங்கே சப்பாத்தும் பயணப்பையும் தைத்துக் கொடுக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் அளவுநாடாவை எடுக்கவில்லை. முதலில் அங்கியின் ஒரு மூலையை மடித்து, மடிப்பின் மேல் விரலால் அழுத்திப் பார்த்தார். தோல் வெடிக்கவில்லை.

“உயிர் இருக்கிறது, மாஸ்டர். வெடித்திருந்தால் இதில் ஊசியே வைக்க மாட்டேன்” என்றார்.

பிறகு அவர் விளக்கியது எனக்கு ஒரு பாடமாகவே அமைந்தது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. தையலைப் பிரித்தால் இழைகள் மீண்டும் கூடிவிடும். தோலிலோ இழை இல்லை. ஒன்றோடொன்று பின்னிய நார்களே உண்டு. தோல் தைக்கும் ஊசியின் முனை கத்திபோல் அவற்றை அறுத்துக்கொண்டு செல்கிறது. அறுந்தது கூடாது, இட்ட துளை என்றைக்கும் துளைதான். துளைகளை நெருக்கி இட்டாலோ, முத்திரைத் தாள் கிழிவதுபோல் அந்த வரியிலேயே தோல் கிழியும். துணியில் தவறினால் மறுபடி தைக்கலாம். தோலில் யோசிக்கும் வேலையெல்லாம் ஊசிக்கு முன்னரே முடிந்திருக்கவேண்டும்.

“மகளையும் மோட்டார் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நிற்கிற ஆளுக்குத் தைத்தால் ஓடுகிற ஆளுக்கு உதவாது” என்று சொல்லி அங்கியைத் திருப்பித் தந்தார்.

மறுவாரம் மகள் அங்கியை அணிந்து, மோட்டார் சைக்கிளில் அமர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்தாள். விரல் மொழியை மூடியிருந்த கைப்பகுதி பின்வாங்கி, மணிக்கட்டில் வந்து நின்றது. அதைக் குறைத்திருந்தால் காற்றிலும் வெயிலிலும் மணிக்கட்டு வெளியே நின்றிருக்கும். எனவே, அவள் சொன்ன இரண்டு குறைகளுள் ஒன்று குறையே அன்று. மற்றது மெய்க்குறை. உடற்பகுதி தளர்வாயிருந்ததால், கை அசையும்போதெல்லாம் அங்கி முழுவதும் சுழன்றது; முழங்கையின் இரட்டைத் தோல் பக்கவாட்டில் விலகி நின்றது. விழும் கணத்தில் காக்கவேண்டிய இடத்தை விட்டு அது நகர்ந்துவிடும். அங்கியே முதுகுக்கு மேல் ஏறிவிடவும் கூடும். 2020இல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் உடைத் தரவிதி, பொருள் உரசலைத் தாங்குகிறதா என்பதோடு, தையல் பிரியாமல் நிற்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்கிறது. தோல் எவ்வளவு தடித்தாலும் உடம்போடு பொருந்தாவிட்டாலும், தையல் விட்டுப்போனாலும் பயனில்லை.

“தோளையும் குறைக்கலாமா?” என்று கேட்டேன்.

“தோளில் கை வைத்தால் முழு அங்கியையும் பிரித்துக் கோக்கவேண்டும். பாரம் தாங்குகிற இடத்தில் பழைய துளை, புதிய துளை என்று இரண்டு வரிசை நிற்கும். அதை விடுங்கள். விலாவில் மட்டும் பிடிக்கலாம்” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் பிரதேசத்துக் கூத்தைப் பற்றி முன்னொரு காலத்தில் எழுந்த வாதம் நினைவுக்கு வந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தை, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கி, ஒருபுறம் மட்டும் திறந்த மேடையில் ஏற்றினார். ‘இராவணேசன்’ அவ்வாறு உருவானது. வட்டக்களரியும் விடியும்வரை நீளும் இரவும் போனால் கூத்தின் உயிர் போய்விடும் என்றவர்கள் உண்டு. ஆட்டமும் தாளக்கட்டும் பாட்டும் நிற்கும்வரை உயிர் நிற்கும் என்றவர்களும் உண்டு. இரு திறத்தாரும் கூத்தின்மேல் அன்புடையவர்களே. எதைக் குறைத்தால் தாங்கும், எதைத் தொட்டால் பிரிந்துவிடும் என்பதே அந்த வாதத்தின் சாரம். முதியவர் என்னிடம் தோளையும் விலாவையும் பிரித்துச் சொன்னதும் அதுவே அல்லவா?

இன்னொன்றும் மனத்தை உறுத்தியது. அங்கியைத் திருத்தாமல் வைத்திருந்தால் அது அண்ணன் விட்டபடியே இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது பொய். ஈரம் புகாதிருக்கட்டும் என்று பொலித்தீன் பைக்குள் இட்டுப் பெட்டியில் வைத்தவன் நான். தோலுக்குக் காற்றுவேண்டும், பையோ உள்ளிருந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. வாவிக்கரைக் காற்றும் என் அறியாமையும் சேர்ந்து, ஆண்டுதோறும் அந்த அங்கியைத் தம் விருப்பப்படி திருத்திக்கொண்டுதான் இருந்தன. இன்னும் சில மாரிகள் கடந்திருந்தால், முதியவர் மடித்துப் பார்த்த மூலை வெடித்திருக்கும். மாற்றுவதா, மாற்றாமல் விடுவதா என்பது என் முன் இருந்த தெரிவு அன்று. மாற்றம் யார் கையால், எதற்காக நிகழவேண்டும் என்பதே தெரிவு.

மறுநாள் காலையில் மகளிடம் சம்மதம் என்றேன். அவள் ஆரவாரம் செய்யவில்லை. “கழுத்துப்பட்டியைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள், அப்பா. பெரியப்பாவின் பெயர் இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள். நான் கேட்கத் தயங்கியதை அவளே கேட்டுவிட்டாள்.

முதியவர் உட்துணியைப் பிரித்து, இரு விலாக்களிலும் ஒவ்வோர் அங்குலம் உள்ளே பிடித்தார். மிஞ்சிய தோலை வெட்டி எறியவில்லை. பசையிட்டுத் தட்டையாகத் தட்டி உள்ளேயே படிய வைத்தார். கைகளும் தோளும் இடக்கைக் கீறலும் இருந்தபடியே இருக்கின்றன. அங்கி இப்போது பெட்டியில் இல்லை. விறாந்தை ஆணியில் தொங்குகிறது. கிழமைக்கொரு முறை அதைத் துடைப்பது என் வேலை.

“உள்ளே விட்டிருக்கிற தோலை எதற்காக வைத்தீர்கள்?” என்று முதியவரிடம் கேட்டிருந்தேன்.

“நாளைக்கு இதைவிடப் பெரிய உடம்பு ஒன்று வந்து கேட்டால் பிரித்து விடலாம், மாஸ்டர். துளை மட்டும் தெரியும்” என்றார்.

தெரிந்தால் தெரியட்டும். இந்த அங்கியை இடையில் என் மகளும் அணிந்திருந்தாள் என்பதற்கு அந்தத் துளைகள் சாட்சியாக இருக்கும்.