நூற்றாண்டு மழையும் ரப்பர்க் கொட்டையும்



பெருமழை கொட்டத் தொடங்கியதும் துணைக்கோளத் தொலைக்காட்சியில் படம் நின்றுவிடுகிறது. பக்கத்திலுள்ள வானொலியோ பாடிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு.

துணைக்கோளத்திலிருந்து நம் கூரைத் தட்டுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளியோ சில மில்லிமீட்டர். அளவில் இரண்டும் நெருங்கியவை. ஆதலால் துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. பண்பலை வானொலியின் அலை சுமார் 3 மீட்டர் நீளம். அதற்கு மழைத்துளி ஒரு பொருட்டே அல்ல.

பொறியாளர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 'மழை எந்த நாளில் வரும்?' என்பது அவர்கள் கேள்வியன்று. 'ஓராண்டில் மிகக் கடுமையான மழை எத்தனை நிமிடம் பெய்யும்?' என்பதே கேள்வி. ஆண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், அனைத்துலக அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. நம் நாட்டில் அந்த 53 நிமிடத்து மழையின் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். அதையும் தாங்க வேண்டுமானால் தட்டு பெரிதாக வேண்டும், செலவும் கூடும். ஆகவே, சில நிமிடம் படம் போகும் என்று தெரிந்தேதான் விட்டுவிடுகிறார்கள்.

படம் போனால் போகட்டும். பாலத்துக்கும் வாய்க்காலுக்கும் இப்படித்தான் மழையை எண்ணிக் கணக்கிடுகிறார்கள். அங்கே கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டால் வீடே போய்விடும்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது 'நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை' என்றார்கள். 'அப்படியானால் இனி நம் பேரன் காலத்தில்தான்' என்று பலர் நினைத்தனர். அதன் பொருள் அதுவன்று.

ஒரு பையில் 100 ரப்பர்க் கொட்டைகளைப் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணை மூடி ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டுப் பைக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். சிவப்பு வந்தால் வெள்ளம். சென்ற ஆண்டு வந்த சிவப்பு இந்த ஆண்டும் வரலாம் அல்லவா? இப்படி 30 ஆண்டு எடுத்தால் ஒருமுறையேனும் சிவப்பு வர 100க்கு 26 வாய்ப்பு உண்டு.

'எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த ஆற்றோர லயத்தில் தண்ணீர் ஏறியதே இல்லை' என்பார்கள் சிலர். அது உண்மையாகவே இருக்கும்; 30 ஆண்டு வராமலிருக்க 100க்கு 74 வாய்ப்பு இருக்கிறதே! ஆனால் அடுத்த மழைக்காலத்திலும் பையில் அதே நூறு கொட்டைகள்தாம்.

அதே நூறுதானா என்பதிலும் இப்போது ஐயம் வந்திருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே, சிவப்புக் கொட்டை இன்னும் ஒன்றுதானா, இரண்டாகிவிட்டதா என்று ஆய்வாளர்கள் மறுபடியும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.