பதற்றமும் செவிலியப் பணியும்: வேலையை விடுவதற்கு முன் சில எண்ணங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தறிக்கூடத்திலும் லாரித் தொழிலிலும் உழைத்துத் தம் பிள்ளைகளைச் செவிலியம் படிக்க வைத்த பெற்றோர் பலர். அவர்களுள் சிலர், வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே மகளை எங்களிடம் அழைத்து வருகின்றனர். பணிக்குப் புறப்படும் வேளையில் நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, உறக்கம் வருவதில்லை என்கிறார் மகள். வீடு திரும்பிய பின்னும், "அந்த ஊசியின் அளவு சரிதானே?" என்று வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்கிறார் தாய். "வேலையை விட்டுரு கண்ணு, உடம்புதான் முக்கியம்" என்பது தந்தையின் தீர்ப்பு. பலரிடம் கேட்டவற்றை ஒருவரின் கதைபோல் இங்கே தொகுத்திருக்கிறோம்.

அத்தீர்ப்பை அவசரமாக எழுத வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் நோயறிதல்

புதிய பொறுப்பில் அச்சம் தோன்றுவது இயல்பு. அது மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் வேலையையும் கெடுக்குமானால் அதற்குச் சிகிச்சை வேண்டும். தைராய்டு மிகுதியும் இரத்தசோகையும் இதே படபடப்பைத் தரக்கூடும். எனவே இரத்தப் பரிசோதனையும் அவசியம். இரவுப் பணியில் விழித்திருக்க அடுத்தடுத்துக் குடிக்கும் காபியும் படபடப்பை மிகுவிக்கும்.

பதற்ற நோய்க்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. செவிலியருக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், தாமே தூக்க மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அருகிலேயே இருக்கிறது. மருந்தை அறிந்தவரும் தம் நோய்க்கு மற்றொரு மருத்துவரையே நாட வேண்டும்.

எதைக் கண்டு அச்சம்?

அடுத்து, அச்சம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். எதிர்பாராத அவசரநிலையா, உறவினர்களின் கூச்சலா, இரவுப் பணியா, தனியாக முடிவெடுக்கும் பொறுப்பா? விடைக்கேற்பப் பொருத்தமான இடமும் மாறும்.

அவசரநிலையை அஞ்சுவோருக்கு, வேலைமுறை முன்கூட்டியே தெரிந்த புறநோயாளர் பிரிவு, தடுப்பூசிப் பிரிவு, சர்க்கரை நோய்ப் பிரிவு ஆகியவை ஏற்றவை. டயாலிசிஸ் பிரிவில் அதே நோயாளிகள் வாரம் இரண்டு மூன்று முறை வருவார்கள். பழகிய முகங்கள் துணிவு தரும். ஆயினும் அங்கும் திடீரென இரத்த அழுத்தம் குறைவதுண்டு. அவசரமே இல்லாத பிரிவு எதுவுமில்லை.

அமைதியான இடம் எல்லாருக்கும் எளிதன்று. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும், கொல்லிமலை போன்ற மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்குப் பணியாற்றுபவர் பல வேளைகளில் தனியாகவே முடிவெடுக்க நேரும். தனிமையை அஞ்சுபவருக்கு, மூத்த செவிலியர் உடனிருக்கும் பெரிய வார்டே பாதுகாப்பு. கூட்டத்தை அஞ்சும் ஒருவர், ஓரிரு நோயாளிகளை மட்டும் கவனிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நன்கு செயல்படவும் கூடும்.

ஒன்றை மறக்கலாகாது. அச்சம் தருவதையெல்லாம் விட்டு விலகினால் அச்சம் வளரும். ஆகவே இடமாற்றம் ஓட்டமாக இருத்தலாகாது. படிக்கட்டாக இருக்க வேண்டும். செவிலியர் கண்காணிப்பாளரிடம் பேசி, சில மாதம் பகல் பணி, பின்னர் மூத்தவர் துணையுடன் இரவுப் பணி என்று ஏறலாம்.

செவிலியம் படுக்கையருகில் மட்டும் நடப்பதன்று. கிரிமியப் போரிலிருந்து 1856-இல் திரும்பிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நெடுங்காலம் நோயுற்றிருந்தார். அவர் நோய் வேறு; ஆயினும் வீட்டிலிருந்தபடியே எழுத்தாலும் புள்ளிவிவரங்களாலும் மருத்துவமனைகளைச் சீர்திருத்தினார். இன்றும் கற்பித்தல், தொற்றுத் தடுப்பு, தரக் கண்காணிப்பு எனப் பல வழிகள் உள்ளன.

உங்களால் இயல்வது

பெற்றோரே, "இதற்கெல்லாமா பயம்?" என்று கேட்காதீர்கள்; "எந்த நேரத்தில் அதிகம் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். மணப்பேச்சுக்கு இடையூறாகும் என்றெண்ணிச் சிகிச்சையை மறைக்காதீர்கள். சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்குகிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

வார்டில் உள்ள நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் ஒரு சொல். இன்சுலின் அளவைச் செவிலியர் இருமுறை சரிபார்ப்பது அறியாமையால் அன்று. அதுவே சரியான முறை. அவர் மருந்தை அளந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் காத்திருங்கள். அது அவருக்கும் உதவி, உங்களுக்கும் பாதுகாப்பு.