மிஸ்ஸி கேட்கும் தேதி

மலேசியாவின் கெமாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் போதை என்றாலே ஒருகாலத்தில் கள்ளுக்கடைதான். சம்பள நாளில் குடிப்பவன் ஆண். லயத்து வாசலில் காத்திருப்பவள் பெண். ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டாயிற்று. நாடு முழுக்கக் கள்ளின் இடத்துக்கு ஷாபு வந்தாயிற்று. போதைக்காரன் என்றதும் நம் மனசில் வருகிற உருவம் மட்டும் இன்னும் ஆண்தான்.

ஷாபு என்பது மெத்தம்பெட்டமின். 1893-இல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி தயாரித்தது. கள் மயக்கும், இது விழிக்க வைக்கும். பசிக்காது, தூக்கம் வராது. விடியுமுன் சமைத்து, பெரட்டில் பேர் கொடுத்து, உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு மறுபடி அடுப்படிக்குத் திரும்புகிறவளிடம் "அசதி தெரியாது, உடம்பும் இளைக்கும்" என்று நீட்டினால் மருந்தாகத்தானே தோன்றும்? நீட்டுவது பல நேரம் கூட வாழ்கிறவன்தான்.

இத்தகைய ஊக்கிகளுக்குப் பெண்கள் ஆண்களைவிடச் சீக்கிரம் அடிமையாகிவிடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. காரணத்தில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு. மூளையில் டோபமைன் சுரப்பதை அது தூண்டிவிடுகிறது. முட்டைப்பை நீக்கிய பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கொக்கெய்னைத் தாமே எடுத்துக்கொள்ள வேகமாகப் பழகுவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜில் பெக்கர் குழு காட்டியது. 1999-இல் சிகாகோவில் பெண்களுக்கு ஒரே அளவு ஆம்பெட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். மாதவிலக்கு முடிந்து முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய நாள்களில் கிறக்கம் கூடுதல். புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும் பின்பாதியில் குறைவு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 2006 ஆய்வில், புரொஜெஸ்டிரோன் கொடுத்ததும் பெண்களுக்குக் கொக்கெய்ன் தரும் சுகம் குறைந்தது, ஆண்களுக்குக் குறையவில்லை.

இதெல்லாம் தெரியவர ஏன் இவ்வளவு தாமதம்? பிள்ளை பெறும் வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977-இல் சொன்னது. 1993-இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. ஆய்வுக்கூடத்திலோ, மாதச் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று பெண் எலிகளையே ஒதுக்கினார்கள். குழப்பியதுதான் விடை!

ஹார்மோன் தலையெழுத்து அல்ல. அடி உதை, கடன், துக்கம் எல்லாம் இதில் உண்டு. ஷாபுவே மாதவிலக்கைத் தாறுமாறாக்கும். நின்றுவிட்டது என்று நம்பிக் கர்ப்பமாவதும் நடக்கிறது. ஹெராயினுக்கு மலேசியாவில் 2005 முதல் மெத்தடோன் தருகிறார்கள். ஷாபுவுக்கு அப்படியொரு மாற்று மருந்து இல்லை. பேச்சும் துணையும்தான் சிகிச்சை. அப்படியிருக்க, ஆசை எந்த நாள்களில் மிஞ்சுகிறது என்று நாள்காட்டியில் குறித்துவைக்க என்ன செலவு?

தானாக வந்து சிகிச்சை கேட்க 1983-ஆம் ஆண்டுப் போதைச் சிகிச்சைச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயப்படுகிறவள் வரமாட்டாள். ஆனால் தாய்சேய் கிளினிக்குக்கு வருவாள். "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்தின?" என்று மாதவிலக்குத் தேதியை மிஸ்ஸி, அதாவது தாதி, அங்கே எப்படியும் கேட்கத்தான் போகிறார். வீட்டுக்காரனை வெளியே உட்காரவைத்துவிட்டு, தூக்கத்தையும் பசியையும் சேர்த்து விசாரிக்க அதைவிடத் தோதான இடம் தோட்டத்துப் பெண்ணுக்கு வேறு இல்லை.