ஜெபக் குறிப்பை யார் படிக்கிறார்கள்?

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் உண்டு. ஒரு கையில் எழுத்தாணி, மறு கையில் ஏடு. உலகத்தார் கணக்கையெல்லாம் எழுதிவைக்கும் அவர், ஒருவர் பக்கத்தை இன்னொருவருக்குத் திறந்து காட்டுவார் என்று யாரும் நினைப்பதில்லை. 'குப்தம்' என்றாலே மறைவானது என்றுதானே பொருள்!

அந்த ஏட்டின் வேலையை இன்று தேவாலய இணையதளங்களில் ஒரு சிறு கட்டம் செய்கிறது. பெயர், ஊர், செல்பேசி எண். கீழே 'ஜெபக் குறிப்பு'. கத்தோலிக்கர் மன்றாட்டு என்பார்கள். கேட்கும் வழக்கம் பழையது. டி.ஜி.எஸ். தினகரனின் 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்துக்குக் கடிதமாகவும் தொலைபேசி வழியாகவும் போனதுதான் இப்போது திரையில் வந்திருக்கிறது.

ஆனால் கடிதத்தைப் பிரித்தவர் ஒருவர். இணையக் குறிப்போ போதகருக்குப் போய், ஜெபக் குழுவுக்குப் போய், அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஐம்பது பேர் கைக்குப் போய்விடுகிறது. எல்லாம் நல்லெண்ணத்தோடுதான்.

பெயரை மறைத்துவிட்டால் போதாதா? பெருநகரத்தில் ஒருவேளை போதும். காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் நின்றுவிட்டது என்பது தெருவுக்கே தெரியும். 'மூன்று தறி, பட்டு வாங்கிய கடன், கணவருக்குக் குடிப்பழக்கம், மகளுக்கு வரன் அமையவில்லை' என்று படித்தால் வீட்டைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. குழுவுக்கு அனுப்பும்போது 'ஒரு குடும்பத்தின் கடன் தீர' என்று சுருக்கினால் என்ன குறைந்துவிடும்? ஜெபிப்பவருக்குத் தறிக்கணக்கு தேவையில்லை.

யூதர்கள் வேண்டுதல் சீட்டு செருகும் எருசலேமின் மேற்குச் சுவரில் 2008 ஜூலையில் பராக் ஒபாமா செருகிய வேண்டுதல் சீட்டை யாரோ உருவி எடுக்க, 'மாரிவ்' நாளிதழ் அதை அச்சிட்டுவிட்டது. சுவரின் பொறுப்பிலுள்ள ரபி கண்டித்தார். அதிபர் வேட்பாளருக்கே அந்தக் கதி.

இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தகவல் கேட்டோமோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற அடிப்படையில் அமைந்தது. ஜெபத்துக்குத் தந்த எண்ணுக்குக் காணிக்கை கேட்டுச் செய்தி அனுப்புவது இந்த அடிப்படைக்கே முரண். நோய் தீர்ந்தது என்று எழுதியவரின் மடலைச் 'சாட்சி'யாகப் போடுவதற்கும் தனியே அனுமதி கேட்பதே முறை.

இன்னொரு வகைக் குறிப்பு உண்டு. 'இனி வாழ விருப்பமில்லை.' அதை ஞாயிறு ஆராதனை வரை வரிசையில் வைக்கக் கூடாது. படித்தவர் உடனே பேச வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும், தமிழக அரசின் உதவி எண் 104-ஐயும் தர வேண்டும். இந்த எண்களை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவைக்க எந்தச் சபைக்கும் செலவில்லை.

மேற்குச் சுவருக்கு இணையம் வழியாகவும் வேண்டுதல்கள் வருகின்றன, அச்செடுத்துச் செருகுகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை எல்லாச் சீட்டுகளையும் படிக்காமலே திரட்டி ஒலிவ மலையில் புதைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் போன வருடம் வந்த குறிப்போ, அதிலுள்ள ஐம்பது செல்பேசிகளிலும் இன்னும் அப்படியே கிடக்கிறது.